பலமா ஆட்டுங்க

வண்டி நேராக ஓடவில்லை என்று பட்டறையில் போய்ச் சொன்னால் முதலில் டயரைப் பார்ப்பார்கள். பிறகு ரோட்டைக் குறை சொல்வார்கள். ஓட்டுகிறவள் பெண் என்றால் அந்த இரண்டையும் விட்டுவிட்டு நேராக அவள் முகத்தைப் பார்ப்பார்கள். ஈப்போவில் நான் போன முதல் பட்டறையில் அப்படித்தான் பார்த்தார்கள். "அக்கா, ஸ்டீயரிங்க ரெண்டு கையால பிடிக்கணும்லா," என்றான் ஒருத்தன். நான் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவள். எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஏற்றிய டிரெய்லரைப் பின்னால் மாட்டிக்கொண்டு மழையில் மேட்டிலிருந்து இறங்கியிருக்கிறேன். அவனிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

எங்களிடம் இருப்பது ஒரு பழைய ஜப்பான் ஃபோர்வீல். தோட்டம் ரப்பராக இருந்தபோது மானேஜர் ஓட்டியது. ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்ட பிறகு உரமூட்டை சுமந்தது. தோட்டம் கைமாறியபோது பழைய இரும்போடு இரும்பாகக் கிடந்ததை என் வீட்டுக்காரர் வாங்கி ஓட வைத்தார். அவர் தோட்டத்துப் பட்டறையில் ஃபிட்டர். அந்த வண்டியில் அவர் கை படாத போல்ட் கிடையாது. இப்போது அந்தக் கையில்தான் வாரத்தில் மூன்று நாள் ஊசி குத்துகிறார்கள்.

சர்க்கரை வந்து சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. திங்கள், புதன், வெள்ளி ஈப்போவில் டயாலிசிஸ். இடது கையில் நரம்பை வெட்டி ஒட்டி வைத்திருக்கிறார்கள். தொட்டால் உள்ளே ரத்தம் விர்ரென்று ஓடுவது விரலுக்குத் தெரியும். அந்தக் கையால் பாரம் தூக்கக் கூடாது, எதையும் இழுக்கக் கூடாது. ஒரு தடவை தவறினால் இரண்டு நாளில் கால் வீங்கி, மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும். தவறவிட முடியாது. எங்கள் வாழ்க்கை இப்போது அவ்வளவுதான்.

வீடு இன்னும் தோட்டத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் பழைய லயத்தில். தாப்பாவிலிருந்து ஈப்போ போகும் பெரிய ரோட்டிலிருந்து உள்ளே செம்மண் பாதையில் வர வேண்டும். முன்பு அதில் கல் கொட்டி, ஓரத்தில் வடிகால் வெட்டி வைத்திருந்தார்கள். இப்போது பழம் ஏற்ற வரும் லாரிகள் உழுது போட்டதுதான் பாதை. ஓடையைத் தாண்டும் இடத்தில் ஒரு பக்கம் சரிந்து பள்ளமாகிவிட்டது. தோட்டத்தை வாங்கியவனுக்கு நாங்கள் அங்கே இருப்பதே பிடிக்கவில்லை, பாதையை எதற்குச் சரி பண்ணப் போகிறான்? தேர்தல் நேரத்தில் மட்டும் யாராவது வந்து பள்ளத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். வாடகைக் காரைக் கூப்பிட்டால் பெரிய ரோட்டிலேயே நின்றுகொண்டு போன் போடுவான். ஆம்புலன்ஸும் அப்படித்தான். ஆக, இந்தக் கிழட்டு ஃபோர்வீல் ஓடினால் என் வீட்டுக்காரர் இருப்பார்.

அந்த வண்டிக்குத்தான் ஸ்டீயரிங்கில் ஆட்டம் வந்தது.

முதலில் கொஞ்சமாகத்தான் இருந்தது. பிறகு இந்தப் பக்கம் ஒரு கையகலம், அந்தப் பக்கம் ஒரு கையகலம் சும்மா திருப்பலாம், சக்கரத்துக்குச் சேதியே போகாது என்கிற அளவுக்கு வந்துவிட்டது. அவரிடம் சொன்னேன். "பாக்கலாம்," என்றார். அதே வாரம் ஈப்போவிலிருந்து என் தங்கை போன் பண்ணினாள். டயாலிசிஸ் சென்டருக்குப் பக்கத்தில் அரசாங்க வாடகை ஃபிளாட்டுக்கு எப்போதோ எழுதிப் போட்டிருந்தேன். ஒரு வீடு காலியாகியிருக்கிறதாம். நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது. இல்லாவிட்டால் என்ன, கதவைத் திறந்தால் ரோடு, ரோட்டில் பஸ் என்று நான் நினைத்தேன். வாரத்தில் மூன்று நாள் அந்தப் பாதையில் ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டி என் தோள்பட்டை செத்துப்போயிருந்தது. ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியாது.

"வண்டி இப்படியே போனா ஃபிளாட்டுக்குத்தான் போகணும்," என்றேன்.

அவர் வேண்டாம் என்று கூடச் சொல்லவில்லை. சாப்பிட்ட தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனார்.

இரண்டொரு நாள் கழித்து நான் ஓடையில் துணி துவைத்துவிட்டு வந்தபோது வாசலில் உட்கார்ந்திருந்தார். சட்டையில் கிரீஸ். "கிரீஸ் அடிச்சிட்டேன். ஆட்டிப் பாரு," என்றார். ஏறி உட்கார்ந்து ஆட்டிப் பார்த்தேன். ஆட்டம் போயிருந்தது. ஸ்டீயரிங் இறுக்கமாக, புது வண்டி மாதிரி நின்றது. இடது கையை வைத்துக்கொண்டு ஏன் வண்டிக்குக் கீழே போனீர்கள் என்று சத்தம் போட்டேனே தவிர எனக்குச் சந்தோஷம்தான்.

மறுநாள் பெரிய ரோட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. நிற்கும்போது இறுக்கமாக இருந்த ஸ்டீயரிங் ஓடும்போது முன்னைவிட மோசம். பக்கத்தில் பஸ் ஒன்று கடந்து போனால் வண்டி மேயப் போகிற மாடு மாதிரி ரோட்டோரம் ஒதுங்கும். திருப்பினால் உடனே கேட்காது. இன்னும் கொஞ்சம் திருப்பினால் வேண்டியதற்கு மேல் திரும்பிவிடும். அதைச் சரிக்கட்ட மறுபடி இந்தப் பக்கம். ஈப்போ சுண்ணாம்புமலைகள் கண்ணுக்குத் தெரிவதற்குள் என் முதுகெல்லாம் வேர்வை. அவர் பக்கத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

அவரை ஊசிக்குப் படுக்க வைத்துவிட்டு நான் பட்டறை பட்டறையாக அலைந்தேன். அந்த நேரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டு கழுவுகிற வேலை எனக்கு. முதலாளியிடம் பல்லிளித்துவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது. ஒருத்தன் டயரில் காற்றைக் கூட்டினான். இன்னொருத்தன் குறைத்தான். மூன்றாவது பட்டறையில் முதலாளியான சீனத் தவுக்கே ஸ்டீயரிங்கை நின்ற இடத்தில் ஆட்டிப் பார்த்துவிட்டு, "ஆட்டம் இல்லையே," என்றார். பிறகு வண்டியைச் சுற்றி வந்து, "இது துவா கெரேத்தாலா அக்கா. ஜுவால் சாஜா," என்றார். மலாயில் கிழட்டு வண்டி, வித்துத் தொலை என்று அர்த்தம். விற்றுவிட்டு இவரை முதுகிலா தூக்கிக்கொண்டு வருவது?

இன்னொருத்தன் ஸ்டீயரிங் பாக்ஸில்தான் கோளாறு என்று அதன் தலையில் இருக்கும் திருகை இறுக்கிவிட்டான். அது அதைவிட அநியாயம். வளைவில் திருப்பினால் ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வராமல் அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது. ஆட்டம் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் கைக்குக் கிடைத்த திருகை இறுக்குகிறவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து நானே அதைப் பழைய இடத்துக்குத் தளர்த்தினேன்.

பிறகு அந்தப் புதன்கிழமை. விடியற்காலையில் தூறல். ஓடைப் பள்ளத்துக்கு முன்னால் லாரிச் சக்கரம் விட்ட ஒரு குழி. முன்சக்கரம் அதில் இறங்கி ஏறியது. நான் வலது பக்கம் திருப்பினேன். வண்டி கேட்கவில்லை. இடது பக்கமே போனது. ஒரு டயர் அகலம்தான். ஆனால் அந்த இடத்தில் பாதையில் மிச்சம் இருந்ததும் அவ்வளவுதான். விளிம்பு மண் உதிர்ந்து ஓடையில் விழும் சத்தம் கேட்டது. பிரேக்கை மிதித்து நிறுத்தி, ரிவர்ஸில் ஏற்றினேன். அவர் மடியில் இருந்த பையை மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டேன். "வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள ஃபிளாட்டுச் சாவிய வந்து வாங்கச் சொல்லிட்டாங்க. நாளைக்கு நானே வண்டியப் பாக்குறேன். சரியாச்சுன்னா இங்கயே இருப்போம். ஆகலைன்னா வெள்ளிக்கிழமை சாவிய வாங்கிட்டு வந்து துணியக் கட்டப் போறேன். நீங்க வந்தாலும் சரி, வராட்டியும் சரி."

"நான் வராம நீ மட்டும் போயி டயாலிசிஸ் செஞ்சுக்குவியா?" என்றார். அது அவருடைய ஜோக். நான் சிரிக்கவில்லை.

ஆட்டத்தைத் தேடுவதற்கு ஒரே ஒரு ஒழுங்கான வழிதான் இருக்கிறது. ஜாக் போடாமல், சக்கரம் நாலும் தரையில் பாரத்தோடு நிற்க வேண்டும். ஒருத்தர் மேலே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்ட வேண்டும். இன்னொருத்தர் கீழே படுத்து, ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து சக்கரம் வரைக்கும் ஒவ்வொரு மூட்டாகக் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். மூட்டின் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையாமல் நின்றால் அதுதான் கோளாறு. கண்ணுக்குத் தெரியாதது கைக்குத் தெரியும். பட்டறையில் யாரும் இதைச் செய்யவில்லை. இதற்கு இரண்டு ஆள் வேண்டும், பொறுமை வேண்டும், அழுக்கில் படுக்க வேண்டும்.

வியாழக்கிழமை காலையில் அட்டைப் பெட்டியைப் பிரித்துப் போட்டு நான் கீழே படுத்தேன். அவர் மேலே உட்கார்ந்தார்.

"ஆட்டுங்க."

ஆட்டினார். பாக்ஸைச் சட்டத்தோடு பிடிக்கும் போல்ட்டுகளில் கை வைத்தேன். அசையவில்லை. பாக்ஸிலிருந்து தொங்கும் இரும்புக் கை, அதிலிருந்து குறுக்கே போகும் தடி, தடியின் இரண்டு முனையிலும் இருக்கும் குண்டு மூட்டு, சக்கரங்களை இணைக்கும் டை-ராட், எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தேன். எதிலும் ஒன்றுமில்லை.

"பலமா ஆட்டுங்க."

"பலமாத்தான் ஆட்டுறேன்."

"சாமிக்குச் சாமரம் வீசுற மாதிரி ஆட்டாதீங்க. வண்டியே குலுங்கணும்."

"கை வலிக்குது புள்ள."

கை வலிக்கிறது என்று சொன்ன பிறகு நான் என்ன சொல்வது? அந்தக் கையை எத்தனை தடவை எத்தனை நர்ஸ் தொட்டுப் பார்த்து, பத்திரம் பத்திரம் என்று சொல்லியிருக்கிறார்கள். வாயை மூடிக்கொண்டு வெளியே வந்து, ஜாக் போட்டுச் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். பேரிங் நன்றாக இருந்தது. ஸ்பிரிங் பட்டைகளின் புஷ்ஷைக் கம்பி விட்டு நெம்பிப் பார்த்தேன். அதுவும் நன்றாக இருந்தது. ஜாக்கை இறக்கி மறுபடி கீழே படுத்தேன். கண்ணில் மண் விழுந்தது. வெயில் ஏறிவிட்டது. எல்லாம் நன்றாக இருக்கிற வண்டி ஏன் ஓடைக்குள் போகப் பார்க்கிறது? என்னால் முடியவில்லை என்று தோன்றியது. சாவியை வாங்கிவிடலாம், படி ஏறலாம், ஏதாவது பண்ணலாம், இந்த அட்டைப் பெட்டியிலிருந்து எழுந்தால் போதும்.

அப்போதுதான் அடுத்த வீட்டுப் பெண் வந்தாள். செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கி மூட்டை கட்டுகிறவள். எங்கள் லயத்தில் மூட்டையை ஒற்றை ஆளாகத் தோளில் ஏற்றுகிற ஒரே பெண்.

"என்னக்கா, வெய்யிலுக்கு வண்டிக்கு அடியில படுத்துத் தூங்குறியா?"

"வாய மூடிட்டு ஏறி இந்த ஸ்டீயரிங்க ஆட்டு."

மேலேயிருந்து அவர் குரல். "அவ எதுக்கு? நான்தான் ஆட்டுறேன்ல."

"எறங்குங்கண்ணே. நீங்க ஆட்டுறத வந்ததுலேர்ந்து பாக்குறேன். ஸ்டீயரிங்குக்குக் கிச்சுகிச்சு மூட்டுறீங்க."

அவர் இறங்கவில்லை. "நீ போயி ஒன் வேலையப் பாரு," என்றார். அவர் அப்படி யாரிடமும் பேசுகிறவர் இல்லை. அவள் அதைக் காதிலேயே வாங்காமல் கதவைத் திறந்துகொண்டு நின்றாள். வேறு வழியில்லாமல் இறங்கினார். அவருடைய செருப்புக் கால்கள் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றன. நகரவில்லை.

அவள் ஏறி உட்கார்ந்து ஒரு இழுப்பு இழுத்தாள். வண்டி மொத்தமும் குலுங்கியது. குறுக்குத் தடியின் முனையில் இருந்த மூட்டில் என் கை இருந்தது. உள்ளே இருந்த குண்டு, மாவில் விரல் அழுந்துவது மாதிரி மெத்தென்று உள்ளே போய், அவள் கையைத் தளர்த்தியதும் திரும்பி வந்தது.

"இன்னொரு வாட்டி."

இழுத்தாள். மறுபடியும் உள்ளே போய் வந்தது. இரும்பு அப்படிப் போய் வராது.

அந்த மாதிரிப் பழைய வண்டிகளில் குண்டு மூட்டைப் பிரிக்கலாம். முனையில் ஒரு திருகு மூடி. அது கழன்றுவிடாமல் குறுக்கே ஒரு பூட்டுக் கம்பி. வண்டியெல்லாம் துருவும் சேறுமாக இருக்க, அந்தக் கம்பி மட்டும் புதிதாக மின்னியது. இழுத்து எடுத்து மூடியைத் திருகினேன். உள்ளே ஸ்பிரிங் இருக்க வேண்டும். ஸ்பிரிங் இல்லை. கறுப்பாக ஒன்று இருந்தது. விரலை விட்டு நெம்பி எடுத்தேன். டயர் டியூப். வட்ட வட்டமாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தது. கிரீஸில் ஊறிக் கொழகொழவென்று ஆகியிருந்தது.

எங்கள் ஆட்களுக்கு இது ரத்தத்தில் ஊறிய பழக்கம். எது ஆடினாலும் ரப்பர் வைப்போம். கதவு ஆடினால், கட்டில் கால் ஆடினால், குழாய் ஒழுகினால், கோடாரிப் பிடி கழன்றால் ஒரு துண்டு டியூப். ரப்பர் கெடுக்காது என்று ஒரு நம்பிக்கை. கதவுக்கு அது சரி. ஸ்டீயரிங் மூட்டில் ரப்பர் வைத்தால் நிற்கும்போது இறுக்கமாக இருக்கும், லேசாக ஆட்டினாலும் இறுக்கமாக இருக்கும். ஓடும்போது ரோடு கொடுக்கிற அடியில் நசுங்கும். நான் திருப்புவதை ரப்பர் தின்றுவிட்டு மிச்சத்தைச் சக்கரத்துக்குக் கொடுக்கும். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் குண்டு கழன்றே வந்திருக்கும்.

அந்த வட்டங்கள் அவ்வளவு சுத்தமாக வெட்டப்பட்டிருந்தன. ஓரத்தைச் சாய்வாகச் சீவி, ஒன்றோடொன்று பொருந்தும்படி. அப்படி வெட்டுகிற ஆளை எனக்குத் தெரியும்.

நான் வெளியே வந்து கையை விரித்துக் காட்டினேன். அடுத்த வீட்டுப் பெண் என் கையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "அக்கா, நான் வாரேன். அரிசி ஊறப் போட்டிருக்கேன்," என்று போய்விட்டாள். மத்தியானம் யாரும் அரிசி ஊறப் போடுவதில்லை.

"கிரீஸ் அடிச்சேன்னு சொன்னீங்க."

"கிரீஸும் அடிச்சேன்."

"என்னப் பள்ளத்துல தள்ளப் பாத்தீங்களா?"

"நானுந்தானே வண்டியில இருந்தேன்."

எனக்கு அதுதான் தாங்கவில்லை. கத்தினேன். லயம் முழுக்கக் கேட்டிருக்கும். தவுக்கேயிடம் கிழட்டு வண்டி என்று கேட்டது, தட்டு கழுவுகிற இடத்தில் பல்லிளித்தது, என் தோள்பட்டை, அந்தப் புதன்கிழமைத் தூறல், எல்லாவற்றையும் சொல்லிக் கத்தினேன். ரப்பரை அவர் காலடியில் எறிந்தேன். "பட்டறையில இருந்த மனுசன்தானே நீங்க? வேற எவனாவது இப்படி வச்சிருந்தா அவனச் செருப்பால அடிச்சிருக்க மாட்டீங்க?"

"அடிச்சிருப்பேன்," என்றார்.

"அப்புறம் ஏன்?"

வண்டியின் படியில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. வலது கையால் இடது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். "உள்ள ஸ்பிரிங் ஒடஞ்சு கெடந்துச்சு. சாமான் கெடைக்கிற வரைக்கும் ரெண்டு நாள் இருக்கட்டும்னுதான் வச்சேன். நீ ஆட்டிப் பாத்துட்டுச் சிரிச்ச. சரியாயிட்டா ஃபிளாட்டுப் பேச்சு நின்னுரும்னு விட்டுட்டேன்."

"ஃபிளாட்டு அவ்வளவு கசக்குதா?"

"நாலு மாடி. டயாலிசிஸ் முடிஞ்சு வந்தா இந்த வாசப்படியே எனக்கு மலை மாதிரி இருக்கு. அங்க மேல ஏறிட்டேன்னா ஊசிக்கு மட்டுந்தான் கீழ வருவேன். அப்புறம் அதுக்கும் முடியாம ஒரு நாள் தூக்கிட்டுத்தான் எறக்குவீங்க." காலடியில் கிடந்த ரப்பரைச் செருப்பால் ஒதுக்கிவிட்டு, "ஓடப் பள்ளத்துகிட்ட எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. அந்த மாடி அத விடப் பயம்," என்றார்.

இதை அவர் முன்பே சொல்லியிருக்கலாம். நானும் கேட்டிருக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். விடியற்காலையில் எழுந்து, கஞ்சி காய்ச்சி, ஒரு மனுஷனைக் கொண்டுபோய் விட்டு, ஊரான் தட்டைக் கழுவி, திரும்பக் கொண்டு வந்து சேர்க்கிறவளுக்கு, சொல்லாததையெல்லாம் தோண்டிக் கேட்க எங்கே தெம்பு?

தண்ணீர் குடித்தேன். அவருக்கும் அளந்து கொடுத்தேன். அவருக்குத் தண்ணீர் அளவுதான். பிறகு மூட்டைத் துடைத்துப் பார்த்தேன். ஸ்பிரிங் மட்டுமல்ல, குண்டைப் பிடித்திருக்கும் இரண்டு கிண்ணங்களும் தேய்ந்து ஓவலாகிவிட்டிருந்தன. மொத்தத் தடியையும் மாற்றினால்தான் சரிவரும். அடுத்த வீட்டுக்காரியின் கப்சாய் என்கிற சின்ன மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு ஈப்போ போகும் ரோட்டில் இருக்கும் ஹாஃப்-கட் கடைக்குப் போனேன். ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் வண்டிகளைப் பிரித்து விற்கும் கடை அது. பின்னால் கொட்டகையில் எங்கள் வண்டியின் ஜோடி மாதிரி ஒன்று தலைகுப்புறக் கிடந்தது. அதன் தடியைக் கழற்றித் தரச் சொல்லி, இரண்டு முனையையும் கையால் முறுக்கிப் பார்த்தேன். கடைக்காரப் பையன், "ஓகே தான்க்கா," என்றான். "நீ சொல்லாத, அது சொல்லட்டும்," என்றேன். ரொம்ப நேரம் முறுக்கினேன். குண்டு இரும்பு மாதிரியே நின்றது.

பின்னேரம் மாட்டினேன். பழைய குண்டு தன் இடத்தை விட்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. பக்கத்தில் இன்னொரு சுத்தியலை அண்டக் கொடுத்து, மறுபக்கம் அடி என்றார் அவர். அடித்தேன். விழுந்தது. பழைய தடியையும் புதுத் தடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே நீளத்துக்குத் திருகச் சொன்னார். இல்லையென்றால் வண்டி நேராகப் போகும்போது ஸ்டீயரிங் கோணலாக நிற்கும். கடைசியில் பூட்டுக் கம்பியை நான் எடுத்தபோது, "கொடு," என்று வாங்கி, குனிந்து, வலது கையாலேயே செருகி மடக்கினார்.

"ஏறுங்க," என்றேன். கீழே படுத்து மூட்டில் கையை வைத்தேன். "பலமா."

வலது கையால் மட்டும் ஸ்டீயரிங்கைப் பிடித்து, உடம்பையே ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் போட்டு இழுத்தார். வண்டி குலுங்கியது. இந்த ஆளிடம் இவ்வளவு பலம் இருந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை வண்டி நேராகப் போனது. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ஓடைப் பள்ளத்தில் திருப்பினால் திரும்பியது. பெரிய ரோட்டில் பஸ் கடந்தபோது ஸ்டீயரிங் என் கைக்குள்ளேயே இருந்தது. அவர் ஈப்போ வரும்வரை தூங்கிக்கொண்டு வந்தார். நர்ஸ் அவர் கையில் இரண்டு விரலை வைத்துப் பார்த்தாள். ஓட்டம் நன்றாக இருக்கிறது என்றாள்.

நான் ஃபிளாட்டைப் பார்க்கப் போனேன். நான் சொன்ன வார்த்தைப்படி வண்டி சரியாகிவிட்டது, போக வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் என் தோள்பட்டை இன்னும் வலித்துக்கொண்டுதான் இருந்தது. அந்தப் பாதை இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. படி ஏறினேன். மூன்றாவது மாடியில் நின்று மூச்சு வாங்கினேன், எனக்கு ஒரு வியாதியும் கிடையாது. நாலாவது மாடியில் காலி வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் கம்பிக் கதவுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கால் முட்டியோடு இல்லை. எதிரே தெரிவது அடுத்த பிளாக்கின் சுவர்.

"கீழ மழையாம்மா?" என்று கேட்டார்.

"இல்லங்க. வெய்யில்."

"அப்படியா? ஈர வாசன வந்துச்சு."

காலி வீட்டை நான் ஜன்னல்வழி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கீழே இறங்கி ஆபீசுக்குப் போய்ச் சாவி வேண்டாம் என்றேன். "கீழ்த்தளத்து வீடு காலியானா சொல்லுங்க." கவுண்டரில் இருந்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கீழ் வீடு எல்லாருக்கும்தான் வேணும் அக்கா." எனக்குக் கத்தத் தோன்றியது. அதற்கும் தெம்பில்லை. பேரை எழுதிக்கொள்ளும்வரை அங்கேயே நின்றேன்.

திரும்பி வரும் வழியில் அவர் கேட்டார். "சாவி?"

"வாங்கல. ரொம்பச் சந்தோசப்பட்டுக்காதீங்க. கீழ் வீடு கேட்டு எழுதிப் போட்டிருக்கேன்."

"கீழ் வீடுன்னா வாரேன்," என்றார்.

வண்டியை ஓரம் கட்டி நிறுத்தி அவரை நாலு அறை அறையலாமா என்று இருந்தது. நேராக ஓடுகிற வண்டியை நிறுத்த மனசில்லை.

கீழ் வீடு இன்னும் கிடைக்கவில்லை. கிடைக்குமா என்றும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அட்டையைப் போட்டுக் கீழே படுக்கிறேன். அவர் மேலே ஏறுகிறார். மூட்டு மூட்டாகக் கையை வைத்துக்கொண்டு வருகிறேன். பலமா ஆட்டுங்க என்று இப்போது நான் சொல்ல வேண்டியதில்லை.

"போதுமா?" என்று மேலேயிருந்து கேட்பார்.

"இன்னுங் கொஞ்சம்," என்பேன். பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்து முடிந்திருக்கும். அங்கே நிழலாக இருக்கும், முதுகுக்குத் தரை குளிர்ச்சியாக இருக்கும். அவர் ஆட்டிக்கொண்டிருக்கும்வரை யாரும் என்னை எழுந்து வரச் சொல்ல மாட்டார்கள்.